ஊசியக்காவுக்குக் கை மரத்த கதை

துவைத்த துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தபோது என் கட்டைவிரலில் சுருக்கென்று ஏதோ ஏறியது. எறும்பு என்று நினைத்து உதறினேன். விழவில்லை. பார்த்தால் முடி மாதிரி மெல்லிசாக ஓர் ஊசி விரலில் குத்திக்கொண்டு ஆடுகிறது. எனக்கு வந்த கோபத்தில், "உன் ஊசியை உன்கிட்ட வர்றவங்களுக்குக் குத்து, எனக்கு எதுக்குக் குத்துற?" என்று கத்திக்கொண்டே உள்ளறைக்குப் போனேன்.

நான் ஒன்று சொன்னால் இரண்டாகத் திருப்பித் தருகிறவள் என் நாத்தனார். அன்றைக்கு வாயே திறக்கவில்லை. விரலைப் பார்த்ததும் முகம் வெளிறிவிட்டது. சோப்புப் போட்டுக் கழுவ வைத்தாள். கையோடு டாக்டரிடம் போய் ரத்தப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு வரச் சொல்லி, படிக்கட்டு வரை என்னைத் தள்ளிக்கொண்டு வந்தாள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆனால் அவள் கையிலிருந்து ஓர் ஊசி தவறுவது என்பது நான் அதுவரை பார்க்காத விஷயம்.

அவள் என் கணவருக்குத் தங்கை. தெருவில் எல்லோருக்கும் ஊசியக்கா. சைக்கிள் கடைக்கு மேலே மாடியில் இரண்டு அறை பிடித்து அக்குபங்சர் வைத்தியம் பார்க்கிறாள். முன்னறையில் சில நாற்காலிகளும் என் மேஜையும். உள்ளறையில் இரண்டு கட்டில், நடுவே ஒரு திரை. கதவைத் திறப்பது, ஆளைக் கூப்பிடுவது, விரிப்பு துவைப்பது, வாயாடுகிறவர்களை அடக்குவது எல்லாம் என் வேலை. அந்தக் கடைசி வேலைக்கு என்னைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்காது என்று என் கணவர் சொல்வார்.

இதற்கு முன்னால் அவள் ஓர் ஏற்றுமதி அலுவலகத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தாள். ஒற்றைத் தலைவலி வந்து மண்டையைப் பிளக்கும். மாத்திரை போட்டால் அடங்கும், மறுபடி வரும். யாரோ சொன்னார்கள் என்று ஊசி குத்திக்கொள்ளப் போனவள் வலி குறைந்து திரும்பினாள். குறைந்தது என்றுதான் சொல்கிறேன். அடியோடு போய்விட்டது என்று நான் சொன்னால் அவளே ஒப்புக்கொள்ள மாட்டாள். அத்தோடு விட்டாளா? வேலையை உதறிவிட்டு அதையே படிக்கக் கிளம்பிவிட்டாள். "கல்யாணம் பண்ணிக்கச் சொன்னா ஊசி குத்தப் போறேங்கறா" என்று அவள் அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். இன்று அவருக்கு முட்டி வலித்தால் முதல் ஆளாக மாடியேறி வந்து படுத்துக்கொள்கிறார்.

அவளிடம் ஒரு பிடிவாதம் உண்டு. டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்காமல் யாருக்கும் ஊசி வைக்க மாட்டாள். "நான் வலிக்குத் துணைதான். வியாதிக்கு டாக்டரைப் பாருங்க" என்பாள். பேக்கரிக்காரர் ஒருநாள் நெஞ்சு எரிகிறது என்று வந்து கட்டிலில் படுத்தார். படுத்தவரை எழுப்பி வண்டியில் ஏற்றி மருத்துவமனைக்கு அனுப்பினாள். அங்கே வெறும் வாயு என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அரைநாள் வியாபாரம் போச்சு என்று மனிதர் ரொம்ப நாள் எங்களை முறைத்துக்கொண்டு திரிந்தார். அவள் கவலைப்படவில்லை. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிற ஒருத்தர் டாக்டருக்குத் தெரியாமல் ஏதோ பச்சிலைச் சாற்றையும் சேர்த்துக் குடிக்கிறார் என்று தெரிந்தபோது, அவரை அவள் வாங்கிய வாங்கில் சைக்கிள் கடைக்காரரே மேலே எட்டிப் பார்த்தார்.

ஊசியை எடுத்தபிறகு உடம்பில் படாமல் உள்ளங்கையைக் கொஞ்ச நேரம் மேலே பிடிப்பாள். சக்தி ஓட்டமாம். எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. ஒரு தடவை எனக்கும் பிடித்தாள், நான் தூங்கிவிட்டேன். "பாத்தீங்களா அண்ணி" என்றாள். "நாளெல்லாம் நிக்கறவளைப் படுக்க வெச்சா தூங்காம என்ன செய்வா" என்றேன். ஆனாலும் கட்டிலிலிருந்து எழுந்து போகிறவர்கள் முகம் தெளிந்து போவதை நான் தினமும் பார்க்கிறேன். அதற்குப் பெயர் சக்தியோ, ஒருத்தர் நம்மைக் கவனிக்கிறார் என்ற நிம்மதியோ, எனக்குத் தெரியாது.

அந்த ஊசி என்னைக் குத்திய நாளிலிருந்து அவளை நான் உற்றுப் பார்க்க ஆரம்பித்தேன். முன்பெல்லாம் நாடி பிடிக்கும்போது அவள் மூச்சுவிடுகிற சத்தம்கூடக் கேட்காது. விரல்களை மணிக்கட்டில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிவிடுவாள். இப்போது என்னவென்றால் நாடியைப் பிடித்துக்கொண்டே பேசுகிறாள். தூக்கம் எப்படி, பசி எப்படி, மருமகள் எப்படி என்று கேட்டுக்கொண்டே போகிறாள். வந்தவர்களுக்கு ஒரே சந்தோஷம், அக்கா எவ்வளவு அன்பாக விசாரிக்கிறார் என்று. எனக்குத்தான் அது சரியாகப் படவில்லை. விரலுக்குத் தெரியாததை இவள் வாயால் கேட்டுத் தெரிந்துகொள்கிறாள்.

"கை சரியில்லையா?" என்று கேட்டேன்.

"லேசா மரத்த மாதிரி இருக்கு அண்ணி. வேலை ஜாஸ்தி. நானே பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்டாள். தன் கைக்குத் தானே ஊசி வைத்துக்கொண்டாள். நாட்டு மருந்துக் கடையிலிருந்து வேர் வாங்கி வந்து கஷாயம் வைத்துக் குடித்தாள். ஆள் இல்லாத நேரத்தில் ஒரு கையின் மேல் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஊருக்கெல்லாம் டாக்டரைப் பார் என்று சொல்கிறவள், டாக்டர் என்று நான் வாயெடுத்தாலே எழுந்து போய்விடுவாள். ஊருக்குத்தான் உபதேசம் என்று முகத்துக்கு நேராகவே சொன்னேன். காதில் விழாதவள்போல் விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தாள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா? தபால்காரர் மூலமாக அது வெளியே வந்தது.

அவருக்கு ஆடுசதையில் இழுப்பு. நாளெல்லாம் சைக்கிள் மிதிக்கிற கால். காலையில் குப்புறப் படுத்து ஊசி வைத்துக்கொண்டு போனவர் மதியம் திரும்பி வந்து, முன்னறையில் எல்லோரும் பார்க்க ஒரு நாற்காலியில் காலைத் தூக்கி வைத்தார். பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டினார்.

"அக்கா, உங்க பொருள் ஒண்ணு எங்கிட்டயே இருக்கு" என்றார். "மிதிக்கும்போதெல்லாம் சுருக்குனு இருக்கேன்னு பாத்தேன். அவங்கவங்க பொருளை அவங்கவங்ககிட்ட சேர்க்கறதுதானே என் வேலை."

உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். உள்ளேயிருந்து வந்தவள் சிரிக்கவில்லை. குனிந்து அந்த ஊசியை எடுக்கப் பார்த்தாள். விரல் அதைப் பிடிக்கவில்லை. மறுபடி பிடித்தாள், வழுக்கியது. தபால்காரரின் சிரிப்பு நின்றுவிட்டது. நான் குனிந்து பிடுங்கிவிட்டு அந்த இடத்தைப் பஞ்சால் துடைத்தேன். அவள் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வந்தவர்களை அனுப்பிவிட்டு உள்ளே போனேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தாள், நோயாளி உட்காருகிற பக்கம்.

"அவர் காலோட போச்சு. இன்னொருத்தருக்கு வேற எங்கயாவது விட்டிருந்தா? இனிமே நான் யாரையும் தொடக்கூடாது அண்ணி."

"தொடாதே. முதல்ல டாக்டர்கிட்ட போ."

"போய்?"

"என்னன்னு தெரிஞ்சுக்க வேண்டாமா?"

"எனக்குத் தெரியும்" என்றாள். விரல் நுனிகளைத் தடவிக்கொண்டே, "அப்பாவுக்கும் கையிலதான் ஆரம்பிச்சுது" என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மாமனாரை நான் கல்யாணமாகி வந்த புதிதில் பார்த்திருக்கிறேன். முதலில் கையிலிருந்து தம்ளர் நழுவியது, அப்புறம் சட்டைப் பொத்தான் போட முடியவில்லை, அப்புறம் நடை, அப்புறம் பேச்சு. நரம்பு வியாதி, மருந்து இல்லை என்று சொல்லிவிட்டார்கள். கடைசிவரை பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டவள் இவள்தான். இவள் டாக்டரிடம் போகாதது வீம்பு என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பயத்தில் ஒரு மனுஷி எத்தனை மாதம் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறாள் பாருங்கள்.

எனக்கு அழுகை வந்தது. அழுகை வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும். "ஏன்டி, பேக்கரிக்காரர் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு வந்தப்போ, வீட்ல யாருக்காவது இதயம் நின்னிருக்கா, அப்படின்னா உனக்கும் அதுதான், படுத்துக்கோன்னு சொன்னியா? வண்டில ஏத்தி அனுப்பினேல்ல? இப்போ உன்னை நான் ஏத்தறேன். செருப்பைப் போட்டுக்கோ."

செருப்பைப் போட்டுக்கொண்டு வந்தாள். படியிறங்கும்போது ஒரு கால் செருப்பு கழன்று மேல்படியிலேயே நின்றுவிட்டது. அது தெரியாமலே வெறுங்காலோடு அடுத்த படிக்கு இறங்கிவிட்டாள். காலும் மரத்திருக்கிறது, அதையும் சொல்லவில்லை. நான் குனிந்து செருப்பை எடுத்து மாட்டிவிட்டேன்.

நரம்பு டாக்டர் ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி. அதட்டாமல் பேசினார். கண்ணை மூடச் சொல்லி விரல் நுனிகளில் குண்டூசியால் தொட்டுத் தொட்டு, "தெரியுதா?" என்று கேட்டார். தெரியவில்லை என்று ஒவ்வொரு தடவையும் அவள் சொன்னபோது, கூட வந்திருந்த என் கணவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். சுத்தியலால் முட்டியில் தட்டினார்கள். ரத்தம் எடுத்தார்கள். ஊரெல்லாம் ஊசி குத்துகிறவள் தனக்கு ரத்தம் எடுக்கும்போது என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

முடிவு வருவதற்குள் எங்கள் வீட்டில் யாரும் ஒழுங்காகப் பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டோம். எங்களோடு இருந்தாலும் தன் சாப்பாட்டைத் தானே செய்துகொண்டு தனியாகச் சாப்பிடுகிறவள் என்பதால், அப்போதுதான் கவனித்தேன், அவள் தட்டில் வேகவைத்த இரண்டு காய்த்துண்டுதான் இருந்தது.

முடிவு வந்த அன்று டாக்டரும் அதைத்தான் முதலில் கேட்டார். "என்ன சாப்பிடறீங்க?"

உடம்பைச் சுத்தம் செய்வதற்காகப் பால், தயிர், முட்டை, மீன் எல்லாவற்றையும் விட்டு இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது என்று அவள் பெருமையாகவே சொன்னாள். காலையில் மூலிகைத் தண்ணீர், மதியம் வேகவைத்த காய், அதோடு சரி. வயிறு எரிந்தால் மட்டும் ஒரு மாத்திரை.

"எத்தனை நாளா அந்த மாத்திரை?"

"அதுவும் ரொம்ப நாளாத்தான்."

டாக்டர் காகிதத்தைத் திருப்பிக் காட்டினார். "உங்க உடம்புல பி-12ங்கற சத்து இல்லவே இல்லைன்னு சொல்ற அளவுக்குக் குறைஞ்சிருக்கு. பால், முட்டை, மீன்லேருந்துதான் அது வரும், அந்த மாத்திரை அதையும் உடம்புல சேர விடாது. நரம்பு பட்டினி கிடக்கு. உங்க அப்பாவுக்கு வந்தது வேற. அது இது இல்ல."

"அது இல்லையா?"

"இல்லம்மா. அதுக்கான அடையாளம் ஒண்ணுகூட இல்ல. இது ஊசி போட்டா சரியாகும்."

அந்தம்மா என் வயிற்றில் பாலை வார்த்தார். என் கணவர், ஆறடி உயர மனிதர், அங்கேயிருந்த முக்காலியில் பொத்தென்று உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். அவள் அழவில்லை. "அப்பாவுது இல்லையாம் அண்ணி" என்று எனக்கு ஏதோ புதுச் சேதி சொல்வதுபோலச் சொன்னாள். அதையே நாலைந்து தடவை சொன்னாள். ஒவ்வொரு தடவையும் ஆமாம் என்று தலையாட்டினேன். எனக்கும் அது கேட்கக் கேட்கச் சலிக்கவில்லை.

பயம் போனதும் எனக்கு வாய் திரும்பி வந்துவிட்டது. வண்டியில் வரும்போதே ஆரம்பித்தேன். "சுத்தம் பண்றேன் சுத்தம் பண்றேன்னு கழுவிக் கழுவி உள்ளே இருந்த சத்தையும் சேத்துக் கழுவிட்ட. உன்கிட்ட யாராவது இப்படிச் சாப்பிட்டுட்டு வந்து படுத்திருந்தா சும்மா விட்டிருப்பியா?"

"விட்டிருக்க மாட்டேன்" என்று ஒத்துக்கொண்டாள். அவள் என்னிடம் இவ்வளவு சுலபமாக ஒன்றை ஒத்துக்கொண்டது அதுதான் முதல் தடவை. அந்தச் சந்தோஷத்தில் வழியெல்லாம் இன்னும் கொஞ்சம் திட்டினேன்.

டாக்டர் ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லியிருந்தார். நடை சரியாகும், தெம்பு வரும், அதில் சந்தேகமில்லை. விரல் நுனியில் உணர்ச்சி முழுசாகத் திரும்புமா என்பது எவ்வளவு நாளாக நரம்பு வாடியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. அதனால் உயிர்ப் பயம் போய் கைப் பயம் மிச்சமிருந்தது. கை இல்லாவிட்டால் அவளுக்கு என்ன இருக்கிறது? மாடியைப் பூட்டி, உடம்பு சரியில்லை, குணமானதும் சொல்லி அனுப்புகிறோம் என்று கதவில் எழுதி ஒட்டினேன். தபால்காரர் தினமும் அந்தப் பக்கம் போகும்போது என்னிடம் விசாரித்துவிட்டுத்தான் போவார்.

அவள் டாக்டர் சொன்ன ஊசியைப் போட்டுக்கொண்டாள். நான் வைத்ததையெல்லாம் சாப்பிட்டாள், முட்டை உட்பட. டாக்டரிடம் கேட்டுக்கொண்டுதான் வேர்க் கஷாயத்தை நிறுத்தினாள், கேட்டுக்கொண்டுதான் தன்னோடு இந்த வைத்தியம் படித்த தோழியிடம் போய் அக்குபங்சரும் வைத்துக்கொண்டாள். "தாராளமா வெச்சுக்கோங்க, நான் போடறதை மட்டும் தவற விடாதீங்க" என்றாராம் டாக்டர். நன்றாகத் தூக்கம் வந்தது அவளுக்கு. எதனால் எது சரியானது என்று என்னைக் கேட்டால் டாக்டர் கட்சியில்தான் நிற்பேன். அவளைக் கேட்டால் வேறு சொல்வாள். வீட்டில் நிம்மதியாகத் தூங்குகிறாளா, போதும், அதற்குமேல் எனக்கு வழக்கு வேண்டாம்.

செருப்பு காலில் நிற்க ஆரம்பித்தது. முகத்தில் ரத்த ஓட்டம் வந்தது. விரல் மட்டும் அப்படியே இருந்தது. எப்படி இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

அன்று ஞாயிற்றுக்கிழமை. நான் பின்னால் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். சமையலறையில் டமால் என்று பாத்திரம் விழுகிற சத்தம். என்னவோ ஏதோ என்று ஈரக்கையோடு ஓடினேன். அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. மூடி தரையில் கிடந்து சுற்றிக்கொண்டிருந்தது. அவள் வலது கையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணிலிருந்து தண்ணீர் தாரை தாரையாக வழிகிறது.

"சுடுது அண்ணி" என்றாள்.

"சுட்டா கையைத் தண்ணில வைடி. என்ன நின்னுக்கிட்டு இருக்க" என்று குழாயைத் திறந்தேன். அப்புறம்தான் அவள் சொன்னது என் மண்டையில் ஏறியது. கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தேன். விரல் நுனிகள் சிவந்திருந்தன.

"நல்லா சுடுதா?"

"நுனி வரைக்கும் சுடுது."

அப்படியே அவளைக் கட்டிக்கொண்டேன். குழாய் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அவள் என் தோளுக்கு மேலாக அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், "அண்ணி, இன்னும் ஒரே ஒரு தடவை தொட்டுப் பாத்துக்கட்டுமா?"