கெவர்னர் துரையின் எலுமிச்சம்பழ உத்தரவு

இன்று வில்லியனூர் கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசுக்குப் போனேன். மகளின் பிறப்புச் சீட்டை நாளைக்குள் காட்டாவிட்டால் பள்ளியில் இடம் இல்லையாம்.

ஆபீஸ்காரர்கள் இனி ஜனங்களிடம் மரியாதைக்குத் தரும் எலுமிச்சம்பழத்துக்கு மேல் எதையும் வாங்கக் கூடாது என்று நம் கெவர்னர் துரை உத்தரவு போட்டிருக்கிறார் அல்லவா? அந்தத் தைரியத்தில் எங்கள் வீட்டு மரத்திலேயே பெரிய பழமாகப் பார்த்துப் பறித்துக்கொண்டு போனேன்.

வாசல் சேவகர் அதைத் தொடக்கூட இல்லை.

"இது செல்லாதுபா. எதுத்த கடையில வாங்கினு வா."

எதிர்க்கடை ஆபீஸ் குமாஸ்தாவின் மச்சானுடையது. அங்கே ஒரு பழம் ஓர் ஆட்டின் விலை.

"இன்னாண்ணே, பழத்துக்குள்ள தங்கமா கீது?" என்று கேட்டேன்.

"உம் பொண்ணு சீட்டு கீது," என்றார் கடைக்காரர்.

வாங்கிக் கொடுத்தேன். சீட்டு உடனே வந்தது. பழம் பின்வாசல் வழியாகக் கடைக்கே திரும்பிப் போனது.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பின்னால் நின்ற செல்லிப்பட்டுக் கரும்புக்காரரிடம், "கெவர்னர்கிட்டயே பிராது குடுக்கப் போறேன்" என்றேன்.

"குடு மாமா. போன வாரம் அவரு பாகூர் வந்தப்ப, லஞ்சத்த ஒழிச்ச மகராசன்னு இந்தக் கடைப் பழத்துலதான் ஆளுயர மாலை போட்டாங்க. கழட்டி பத்திரமா கார்ல வெச்சிகினாரு."

ஒரு பழம் ஓர் ஆடு என்றால், துரை ஒரு மந்தையையே ஓட்டிக்கொண்டு போயிருக்கிறார்.

இருந்தாலும் பிராது எழுதிவிட்டேன். பெரிய மனிதரை வெறுங்கையோடு பார்க்கக் கூடாது. வீட்டு மரத்துப் பழம் இன்னும் என் மடியில்தான் இருக்கிறது. அவர் மாளிகையில் எந்தக் கடைப் பழம் செல்லும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.