போட்டோ எடுத்தது யார்?

எங்கள் தெருவிலிருந்து தனியாக ரயிலேறி ஊர் சுற்றி, அதை எழுதிப் பத்திரிகையில் தன் பெயரைப் பார்த்த முதல் பெண் நான்தான். "முதல்" என்பதை அம்மா ஒத்துக்கொள்வாள். "தனியாக" என்பதைத்தான் நம்பமாட்டாள்.

அம்மா செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் வார்டு ஆயாவாக இருந்தவள். யார் வந்து படுத்தாலும் அங்கே முதல் கேள்வி, "கூட யாரு?" என்பதுதான். கூட ஆள் இல்லாமல் யாரும் எங்கும் போவதில்லை என்பது அவள் காலமெல்லாம் பார்த்த உண்மை. நான் ஊரிலிருந்து திரும்பியதும் பையைப் பிரித்து ஒவ்வொரு துணியாக உதறுவாள். துவைக்கத்தான் என்பாள். ஆம்பளைச் சட்டை ஏதாவது விழுகிறதா என்று பார்க்கிறாள், எனக்குத் தெரியாதா? பிறகு என் போனை வாங்கி, ஏதோ ஓர் ஆற்றங்கரையில் நான் நிற்கிற படத்தைப் பெரிதாக்குவாள்.

"இத்த யாருடி எடுத்தா?"

"டைமர் வச்சேன்மா. தண்ணி பாட்டில்ல சாச்சி வச்சா அதுவே எடுத்துக்கும்."

"அதுவே எடுத்துக்குமா. சரி, சரி."

அந்த "சரி, சரி"யைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். லாட்ஜ் அறைக்குள் போனதும் பின்னால் கேமரா இருக்குமோ என்று கண்ணாடியைத் தட்டிப் பார்த்து, கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்து, கதவுக்கு நாற்காலியை முட்டுக்கொடுத்துவிட்டுத் தூங்குகிறவள் நான். ஆட்டோக்காரர் சிரித்தால்கூட எதற்குச் சிரிக்கிறார் என்று யோசிப்பேன். இவ்வளவு பயத்தையும் ஒண்டியாகச் சுமந்துவிட்டு வந்தால், எவனோ கூட இருந்தான் என்று பெற்றவளே நினைக்கிறாள். ஊர் என்னவோ நினைத்துவிட்டுப் போகட்டும். அவள் ஒருத்தி நம்பினால் போதும் என்றிருந்தது.

போன மாதம் மாமல்லபுரத்தைப் பற்றி எழுத வேண்டியிருந்தது. விடிகாலையில் படகுகள் கரையேறுவதைப் பார்க்க அங்கேயே தங்க வேண்டும். நான் எப்படி வேலை செய்கிறேன் என்று கண்ணாலேயே பார்க்கட்டும் என்று அம்மாவையும் பஸ் ஏற்றினேன். வழியெல்லாம் பின்சீட்டு ஆளையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தாள். அவன் திருக்கழுக்குன்றத்தில் இறங்கிப் போனதும் எனக்கே கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

லாட்ஜ்காரர் என் ஆதார் அட்டையைப் பார்த்துவிட்டு என் பக்கமே தள்ளினார்.

"செங்கல்பட்டா? லோக்கல் ஐடிக்கு ரூம் தர்றது இல்ல மேடம்."

வெளி மாநிலத்தில் எல்லாம் எனக்கு அறை கிடைத்திருக்கிறது. பக்கத்திலேயே வீடு இருக்கிறவளுக்கு இங்கே லாட்ஜ் எதற்கு என்று இவர்களுக்குச் சந்தேகம். நான் எழுதுகிறவள் என்று சொல்லி, போனில் என் கட்டுரை ஒன்றைக் காட்டினேன். அவர் எழுத்தைப் பார்க்கவில்லை, படத்தைப் பார்த்தார்.

"இங்கல்லாம் யார் கூட போனீங்க?"

"தனியாத்தான்."

"சரி, சரி" என்றார்.

அப்படியே அம்மாவின் குரல். எனக்கு முகம் எரிந்தது, அவள் பக்கம் திரும்பவே பிடிக்கவில்லை. ஆனால் அம்மா முன்னால் வந்து மேசைமேல் கையை ஊன்றினாள்.

"இன்னாய்யா, சரி சரின்னுகினு கீற? எம் பொண்ணு ஒண்டியாத்தான் போவா. பாட்டில்ல போன சாச்சி வச்சி அவளே எடுத்துக்குவா. நீ பாத்தியா?"

அறை கிடைக்கவில்லை. அவள் நம்பிச் சொன்னாளா, அந்த ஆள்மேல் வந்த கோபத்தில் சொன்னாளா என்று எனக்கு உடனே சந்தேகம் வந்துவிட்டது. அவள் பெற்ற பெண்தானே நான்.

திரும்பும் பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் கடற்கரைக்குப் போனோம். படம் எடுக்க மணலில் பாட்டிலை ஊன்றி, போனை அதில் சாய்த்து வைத்தேன். அம்மா பாட்டிலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, "குடு இங்க" என்று போனை வாங்கி அவளே எடுத்தாள். படத்தின் ஓரத்தில் அவள் விரல் பாதி விழுந்திருந்தது.

"நல்லா கீதாடி?"

"நல்லா கீதும்மா. இதையே பத்திரிகைக்கு அனுப்பறேன்."

அவள் படத்தைப் பெரிதாக்கி என் முகத்தையே பார்த்தாள்.

"இத்த யாரு எடுத்தான்னு கேட்டா இன்னா சொல்லுவ?"

"எங்கம்மான்னு சொல்லுவேன்."

"ஒருத்தனும் நம்ப மாட்டான்டி" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.