பூவுக்குப் பேர் எழுதிய கிராணி

கிராணி உத்தியோகம் என்பது பேர் எழுதும் உத்தியோகம். காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக்கு வந்தவன் பேர், வராதவன் பேர், காய்ச்சல்காரன் பேர் என்று எழுதி எழுதியே விரல் காய்த்துப்போகும். மலாயாவின் அவசரகாலத்தில், சிரம்பானுக்குத் தெற்கே ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் சின்னக் கிராணியாக இருந்தபோது, காட்டுப்பூக்களின் பேரையும் சேர்த்து என் தலையில் கட்டிவிட்டார்கள். மேலதிகாரி வீட்டம்மாவின் ஆசைக்காக வெயிலில் அலைந்த அனுபவம் உங்களுக்கும் உண்டென்றால், வாருங்கள், நாம் ஒரே கட்சி.

புத்தகம் வந்தது

எங்கள் துரையின் மனைவிக்குப் பூ என்றால் உயிர். சீமையிலிருந்து வரும்போதே மலாயாக் காட்டுப்பூக்களை அடையாளம் காணும் புத்தகம் ஒன்றைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்திருந்தார். வந்த நேரம்தான் சரியில்லை. காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள் துப்பாக்கியோடு இருந்தார்கள். பங்களாவைச் சுற்றி முள்கம்பியும் மணல்மூட்டையுமாக இருந்தது. துரைசானி தோட்டத்து வாசலைத் தாண்டினால் கூடவே நான்கு போலீஸ் போக வேண்டும். கொஞ்சம் இங்கிலீஷ் படித்தவன், போய்விட்டாலும் பெரிய நஷ்டமில்லாதவன் யார் என்று தேடியபோது நான் அகப்பட்டேன்.

வாரத்தில் இரண்டு மதியம் பூத் தேட வேண்டும், பார்த்ததை நோட்டில் எழுதிக் காட்ட வேண்டும். பெரிய கிராணியிடம் போய் அனுமதி கேட்டேன். அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்துச் சொன்னார்: “தாராளமா போ தம்பி. ஆனா நீ திரும்பி வரலன்னா, செக்ரோல்ல ‘ஆப்சென்ட்’னுதான் போடுவேன்.”

இதழை எண்ணு

புத்தகத்தின் முறை எளிது. முதலில் நிறம். அப்புறம் இதழ் எத்தனை, இலை எதிரெதிராக வருகிறதா, மாறி மாறி வருகிறதா, தண்டில் ரோமம் உண்டா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துப் பக்கம் புரட்டினால் கடைசியில் ஒரு படம் வந்து நிற்கும். என் முதல் பூ ஊதா நிறம், ஐந்து இதழ். ஓடையோரம் குந்தி உட்கார்ந்து முக்கால் மணி நேரம் மல்லுக்கட்டிக் கண்டுபிடித்தேன். மலாய்க்காரர்கள் செண்டுடோக் என்று சொல்லும் செடி அது. நிமிர்ந்து பார்த்தால், ரப்பர்ப்பால் வாளியோடு போய்க்கொண்டிருந்த பெண்கள் ஏழெட்டுப் பேர் வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

அவர்களில் அஞ்சலை என்றொருத்தி. புருஷன் இல்லை, இரண்டு பெண் குழந்தைகள். ஒன்பதாம் நம்பர் ரப்பர்க் காட்டில், எல்லையோரத்து நிரையில் பால் வெட்டுகிறவள். அவள் அந்தச் செடியிலிருந்து பழம் ஒன்றைப் பறித்து வாயில் போட்டு, கறுத்துப்போன நாக்கை என்னிடம் நீட்டிக் காட்டினாள். “பொறந்ததிலேர்ந்து தின்னுக்கிட்டு வர்றோம் கிராணி ஐயா. நீங்க இன்னிக்குத்தான் கண்டுபிடிச்சீங்களா?”

வாசலில்

அந்த நாளில் முள்கம்பி வாசலைத் தாண்டி ஒரு பருக்கைச் சோறு வெளியே போகக்கூடாது. காட்டிலிருப்பவர்களுக்குச் சாப்பாடு போய்விடுமாம். பால் வெட்டப் போகிறவர்களின் வாளியைக் கவிழ்த்து, முந்தானையை உதறச் சொல்லிப் பார்ப்பார்கள். மதியம்வரை பச்சைத்தண்ணீர்தான். ஒருநாள் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பின்புறம் முளைத்திருந்த இஞ்சிப்பூவைக் கிழங்கோடு பிடுங்கி, வெளியே ஓடையோரம் இருக்கிற செடியோடு ஒப்பிட்டுப் பார்க்க எடுத்துப்போனேன். வாசலில் நின்ற கான்ஸ்டபிளிடம் புத்தகத்தைத் திறந்து படத்தைக் காட்டினேன். துரைசானி பேரையும் சொன்னேன். அவர் அசையவில்லை. கத்தியை எடுத்து நறுக்கென்று கிழங்கை வெட்டித் தன் பக்கம் வைத்துக்கொண்டார். “பூ போகலாம் கிராணி. கிழங்கு சாப்பாட்டுச் சாமான் லா, போகக்கூடாது.”

ஒருநாள் பூ

எட்டு மாதத்தில் நோட்டு பாதிக்கு மேல் நிறைந்துவிட்டது. என் கணிப்பு ஒன்றுகூடத் தப்பவில்லை என்று துரைசானி விருந்தாளிகளிடமெல்லாம் சொல்லத் தொடங்கினார். எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது, மறைப்பானேன்.

ஒருநாள் காலை பதினோரு மணிக்கு அஞ்சலை தலைத்துணியின் முடிச்சை அவிழ்த்து ஒரு கொத்தை என் மேசைமேல் வைத்தாள். வெள்ளை வெளேரென்று, பறக்கிற புறா மாதிரி பூக்கள். மணம் ஆபீசையே தூக்கியது. எல்லை ஓடைக்கு அப்பால் நிற்கும் கிழட்டு மரத்தில் பூத்துக் கிடக்கிறதாம். கீரை பறிக்கப் போனவள் பார்த்திருக்கிறாள். ஓடையைத் தாண்டுவது குற்றம். “யாருகிட்டயும் சொல்லிடாதீங்க ஐயா” என்று இரண்டு தடவை சொன்னாள்.

புத்தகத்தில் படம் இருந்தது. பெரிய மழைக்குச் சில நாள் கழித்து, அந்தப் பக்கத்துச் செடியெல்லாம் ஒரே காலையில் பூத்து, அன்று சாயங்காலமே வாடிவிடும் என்றும் போட்டிருந்தது. எங்கே, என்றைக்கு, யார் பார்த்தது என்று விடாமல் குறிக்க வேண்டும் என்பது புத்தகத்தின் முன்னுரை. குறித்தேன். ஓடைக்கு அப்பால், கிழட்டு மரம், தேதி, அஞ்சலை. அவளுடைய கெஞ்சலைவிட எனக்கு முன்னுரை பெரிதாகப் போயிற்று. துரைசானி படித்துவிட்டுக் கையைத் தட்டினார்: “அற்புதம்! ஒரு குறிப்பு என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும்.”

தெரியும் மேடம்

நான்கு நாள் கழித்து என்னைப் பங்களாவுக்குக் கூப்பிட்டார்கள். வராந்தாவில் துரைசானியும், தேத்தண்ணீர் குடித்தபடி ஒரு வெள்ளைக்காரப் போலீஸ் அதிகாரியும். மேசையில் என் நோட்டு. நான் எழுதிய அதே நாளில், அதே மரத்தடியில், ஒரு டின் அரிசியையும் கருவாட்டையும் யாரோ புதைத்திருக்கிறார்கள். அதற்கு முந்தின நாள் ரோந்து போனபோது அங்கே ஒன்றுமில்லையாம், அன்று சாயங்காலம் போனபோது தோண்டியெடுத்தார்களாம். இது எதுவும் தெரியாமல் துரைசானி பெருமையாக நோட்டைக் காட்டியிருக்கிறார்.

“இந்தப் பூ ஒருநாள்தான் இருக்குமா?” என்றார் அதிகாரி. ஆமாம் என்றேன். துரைசானியின் முகம் வெளுத்திருந்தது. அவர் புத்தகத்தை என் பக்கம் திருப்பி, அடுத்த பக்கத்துப் படத்தில் விரலை வைத்தார். அதுவும் வெள்ளைதான், அது மூன்று வாரம் வாடாமல் இருக்கும் பூ. “கிராணி, நன்றாகப் பார். அன்றைக்கு நீ பார்த்தது இதுவாகக்கூட இருக்கலாம், இல்லையா?”

அந்த அம்மாள் எனக்கு ஒரு கயிறு வீசினார். இருக்கலாம் மேடம், நான் என்ன பெரிய படிப்பாளியா என்று சொல்லியிருந்தால் போதும். மூன்று வாரப் பூ என்றால் என்றைக்கோ பறித்ததாக இருக்கலாம், அஞ்சலை எந்த நாளில் அங்கே போனாள் என்பதற்குச் சாட்சியே இருந்திருக்காது. எனக்கோ, எட்டு மாதம் தப்பாத என் கணிப்பையா சந்தேகப்படுகிறார் என்று சுருக்கென்று பட்டது. “இல்லை மேடம். இதற்கு உதட்டில் மஞ்சள் இருக்கிறது, அதற்குக் கிடையாது. எனக்கு நன்றாகத் தெரியும்” என்றேன். சொல்லி முடித்தபிறகுதான் துரைசானி கண்ணை மூடிக்கொண்டதைப் பார்த்தேன். அவள் கீரைக்குத்தான் போனாள் சார் என்று அப்புறம் உளறிப் பார்த்தேன். அதை யார் கேட்டார்கள்? அதிகாரி நோட்டை மூடி எடுத்துக்கொண்டார். “நன்றி, கிராணி. இவ்வளவு உறுதியான சாட்சி எனக்கு அடிக்கடி கிடைப்பதில்லை.”

சாப்பாட்டுக் கடையில்

அன்று மதியமே அஞ்சலையை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். வழக்குமில்லை, விசாரணையுமில்லை, ஒரு வருஷத்துக்கு மேல் தடுப்புக்காவல். பிள்ளைகளை புக்கிட் பெலண்டோக்கிலிருந்த அவள் அக்காள் வந்து கூட்டிப் போனாள். பிறகு காட்டிலிருந்து சரணடைந்த ஒருவன், டின்னைப் புதைத்தது வேறு ஆள் என்று சொன்னதால் அவளை விட்டார்கள். தோட்டத்தில் அவளுக்கு வேலை இல்லை என்று கடிதம் கொடுத்துவிட்டார்கள். அந்தக் கடிதத்தை எழுதியதும் நான்தான்.

சில வருஷம் கழித்துச் சிரம்பானில் ஒரு சாப்பாட்டுக் கடையில் என் முன்னால் இலை போட்டவளை நிமிர்ந்து பார்த்தால் அஞ்சலை. முடி பாதி நரைத்திருந்தது. அன்றைக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை என்று ஏதோ தொடங்கினேன். அதுகூட உண்மையில்லை, பெருமையை விட மனசு வரவில்லை, அவ்வளவுதான். அவள் சண்டை போடவில்லை. இலையில் தண்ணீர் தெளித்துவிட்டு, பக்கத்து மேசைக்குக் கேட்காமல் சொன்னாள்: “பொய்யெல்லாம் எதுக்கு ஐயா? ‘சரியாத் தெரியல’ன்னு ஒரு வார்த்தை. அந்தப் பூவா வந்து உங்ககிட்ட கோவிச்சுக்கப் போவுது?”

அந்தப் பூக்களின் பேரெல்லாம் எனக்கு இன்றும் மனப்பாடம். ஒருத்தி வாழ்க்கையைச் செலவழித்துப் படித்த படிப்பு, அத்தனை சுலபமாக மறந்துவிடுமா என்ன?