மூணு மணிச் சோறு

அன்றைக்கு ஒரகடம் கூட்ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கியவர்கள்: நான், என் வீட்டுக்காரி முத்துலட்சுமி, எங்கள் மகள் பவித்ரா. மூன்றே பேர். கூட ஒரு சக்கரப் பெட்டி, ஒரு பிளாஸ்டிக் வாளி, வாளிக்குள் தலையணை, ஒரு தூக்கு நிறைய முறுக்கு. சங்கரன்கோவிலில் முந்தின நாள் சாயங்காலம் ஏறியது. தாம்பரத்தில் மாறி, படப்பை வழியாக வந்து சேரும்போது உச்சிவெயில்.

பவித்ராவுக்கு இங்கே ஒரு உதிரிபாகக் கம்பெனியில் டிரெய்னி வேலை. மறுநாள் காலை ஷிஃப்ட்டில் சேர வேண்டும். "முதல்ல ஹாஸ்டல்ல சாமானை வச்சிட்டு வந்துரலாம்ப்பா" என்றாள். நான்தான் கேட்கவில்லை. முதலில் சாப்பாடு, அப்புறம்தான் மற்றதெல்லாம் என்று நின்றேன்.

காரணம் இருக்கிறது. அவள் கம்பெனியில் காலை ஒன்பது மணிக்கு ஒரு டிபன், அவ்வளவுதான். ஷிஃப்ட் முடிவது மூன்று மணிக்கு. விடுதியில் மதியச் சாப்பாட்டுப் பாத்திரத்தை இரண்டு மணிக்கே கழுவிக் கவிழ்த்துவிடுவார்கள். அடுத்தது ராத்திரி எட்டு மணிக்கு. நடுவில் அந்தப் பிள்ளை எங்கே சாப்பிடும்? வேலை கிடைத்த சந்தோஷத்தில் வீட்டில் எல்லோரும் கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது எனக்கு மட்டும் இந்தக் கேள்வி தொண்டையில் நின்றது. எனக்குக் கவலைப்படக் கற்றுத்தர வேண்டாம். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அந்தக் கவலையையே இன்னும் பட்டு முடிக்கவில்லை.

முத்துலட்சுமி என்னையும் மிஞ்சினாள். பஸ்ஸிலேயே சொல்லிவிட்டாள்: "இந்தா பாருங்க, மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒரு வழி தெரியலன்னா, ராத்திரி பஸ்ஸுக்குப் பிள்ளையக் கையோட கூட்டிட்டுப் போயிருவேன். உங்க வயித்துக்குச் செலவழிச்சதே போதும்."

"எனக்கு ஒரு இடம் தெரியும்" என்றேன்.

பவித்ரா பால்வாடிக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில் நான் இங்கே கான்ட்ராக்ட் ஆளாக வேலை பார்த்தவன். ஊரை விட்டுப் போய் வருஷங்கள் கழித்துத் திரும்பி வருகிற எவனுக்கும் இந்த ஒரு திமிர் இருக்கும். தெரு மறந்திருக்கும், ஆள் மறந்திருக்கும், ஆனால் எங்கே சாப்பிடுவது என்பது மட்டும் தனக்குத்தான் தெரியும் என்கிற நினைப்பு.

இறங்கி நின்ற நிமிஷத்தில் இரும்புச் சுருள் ஏற்றிய லாரி ஒன்று எங்களை உரசுகிற மாதிரி போனது. பின்னாலேயே கூலன்ட் வாடை. மிஷினில் இரும்பைக் கடையும்போது சூடு தணிக்க ஊற்றுகிற எண்ணெய்த் தண்ணீர் அது. புளித்த மோரில் ஆணியைப் போட்டு ஊறவைத்தால் ஒரு நாற்றம் வருமே, கிட்டத்தட்ட அப்படி. முத்துலட்சுமி முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். எனக்கோ பசித்தது. சிரிக்காதீர்கள். அந்த வாடை கையில் இருக்கும்போதெல்லாம் எனக்கு அடுத்தது சோறுதான்.

எட்டு மணி நேரம் அந்தத் தண்ணீரில் கைவைத்து நின்றால் எந்த சோப்புக்கும் அது போகாது. கூட்ரோட்டில் டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் மொபெட்டை நிறுத்திச் சோறு விற்ற அக்கா அதற்கென்றே ஒரு பால் பவுடர் டப்பாவில் சீயக்காய்த் தூள் வைத்திருப்பார். அதைப் போட்டுத் தேய்த்துக் கழுவிக் கையை நீட்டிக் காட்டினால்தான் தட்டு. பேர் யாரும் கேட்டதில்லை. எல்லாருக்கும் அக்கா. மொபெட்டின் இரண்டு பக்கமும் அலுமினிய அன்னக்கூடைகள், முன்னால் குழம்பு வாளி. கம்பெனி பஸ் வந்து நிற்கும்போதே குரல் கொடுப்பார்: "வா வா, சோறு கீது!"

எங்கள் பக்கத்து வாய்க்கு, 'இருக்கு' என்பதற்கு அவர் சொல்லும் அந்த 'கீது' வேடிக்கையாக இருக்கும். நான் திருப்பிச் சொல்லிக் கிண்டல் பண்ணுவேன். "இன்னாபா திருநெல்வேலி, சோத்த கிண்டல் பண்ணு, என்ன பண்ணாத" என்பார். நான் திருநெல்வேலி டவுனைக் கண்டதே அதுவரை இரண்டு தடவைதான். மதுரைக்குத் தெற்கே பிறந்தவன் எவனாக இருந்தாலும் அவருக்குத் திருநெல்வேலி.

அவரிடம் ஒரு வழக்கம். தட்டை எடுத்ததும் "எந்த ஷிஃப்ட்டு?" என்பார். காலை ஷிஃப்ட் முடித்து வருகிறவனுக்கு முழுச் சாப்பாடு, போதும் போதும் என்கிற வரைக்கும். மூன்றரைக்குத் தொடங்குகிற இரண்டாவது ஷிஃப்ட்டுக்குப் போகிறவனுக்கு ஒரு கரண்டி குறைவு. வயிறு நிறைந்தால் லைனில் தூக்கம் வரும், தூங்கினால் விரல் போகும். காசு என்னவோ இரண்டு பேருக்கும் ஒன்றுதான். அதில் எங்களுக்கு வருத்தம் உண்டு.

என்னோடு வேலை பார்த்த தனசேகர் மணிமங்கலத்துக்காரன். ஒருநாள் இரண்டாவது ஷிஃப்ட்டுக்குப் போகிற வழியில் "காலை ஷிஃப்ட் முடிச்சிட்டு வர்றேன்க்கா" என்று பொய் சொல்லி, முழுத்தட்டும் ஒரு முட்டையும் அடித்துவிட்டுப் போனான். டீ மணி அடிப்பதற்குள் நின்றபடியே தூங்கிவிட்டான். லைன் நின்று, சூப்பர்வைசர் வந்து எழுப்பி, அந்த வாரம் அவனுக்கு ஓட்டி, அதாவது ஓவர்டைம், கிடையாது என்று ஆனது. மறுநாள் அக்கா பிடித்துக்கொண்டார்.

"இன்னாடா, மிஷின் மேலயே பாய் போட்டியாமே?"

"யாருக்கா சொன்னது?"

"தோ, இந்த திருநெல்வேலிதான். இனிமே உன்ன கேக்கமாட்டேன். நீ எந்த பஸ்ல ஏர்றன்னு பாத்துக்கினு சோறு போடறேன். உன் வாயி பொய் சொல்லும், பஸ்ஸு சொல்லாது."

தனசேகர் என்னோடு மூன்று நாள் பேசவில்லை. நாலாவது நாள் அவனே ஊறுகாயை என் தட்டில் தள்ளினான்.

பிறகு என்னை வேறொரு கான்ட்ராக்டுக்கு மாற்றினார்கள். அந்தக் கம்பெனி பஸ் கூட்ரோட்டுக்கே வராது. டீயும் பன்னும் தின்று எட்டு மாதம் ஓட்டினேன். வயிறு எரிய ஆரம்பித்தது. டாக்டர் மாத்திரை எழுதிவிட்டு "நேரத்துக்குச் சாப்பிடுங்க" என்றார். அந்த நேரம்தான் என்னிடம் இல்லை. ஊருக்கே திரும்பிப் போய்விட்டேன். அல்சர் என்னோடு வந்தது, அது இன்னும் போகவில்லை. பவித்ராவுக்கு இடம் தேடுவதில் நான் பிடிவாதமாக நின்றதற்கு இதுதான் காரணம்.

சரி, நாங்கள் நின்ற இடத்துக்கு வருகிறேன். டிரான்ஸ்ஃபார்மர் இருந்தது. பக்கத்தில் ஒன்றுமில்லை.

"எங்க உங்க அக்கா?" என்றாள் முத்துலட்சுமி.

"இப்பவே எப்படி வரும்? பஸ் மூணு மணிக்கு மேலதான். அப்பதான் வண்டி வரும்."

பவித்ரா என்னைப் பார்த்தாள். "அப்பா, நீங்க இந்த ஊர்ல பன்னெண்டு மணிக்குச் சாப்பிட்டதே இல்லையா?"

யோசித்துப் பார்த்தேன். இல்லை. இந்த ஊரை நான் ஷிஃப்ட் விடுகிற நேரத்தில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். மற்ற நேரத்தில் இங்கே என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியவே தெரியாது. பெரிதாக இடம் தெரியும் என்று சொல்லிக் கூட்டிவந்தவனுக்குத் தெரிந்திருந்தது ஒரு நேரம் மட்டும்தான்.

ஆனாலும் விடவில்லை. மேம்பாலத்து நிழலில் பெட்டியைச் சாய்த்து இருவரையும் உட்கார வைத்தேன். முறுக்குத் தூக்கு பாதியானது. "எந்தக் காலத்துலயோ வந்த வண்டிக்கு இப்ப காத்துக்கிட்டு உட்கார்ந்திருக்கோம். ஊர்ல சொன்னா சிரிப்பாக" என்றாள் முத்துலட்சுமி.

மூன்று மணி தாண்டியது. பஸ்கள் வந்தன. வரிசையாக, வெள்ளை வெள்ளையாக, கண்ணாடி ஏற்றி மூடியவை. நான் எழுந்தே நின்றுவிட்டேன். ஒன்றுகூட நிற்கவில்லை. சிக்னலில் மெதுவாகி, வளைந்து, போய்க்கொண்டே இருந்தன. ஜன்னலில் சாய்ந்து தூங்குகிற முகங்கள் மட்டும் தெரிந்தன.

பஞ்சர் கடைக்காரர் ஒருவர் எங்களைத் தொடக்கத்திலிருந்தே கவனித்துக்கொண்டிருந்திருக்கிறார். "யாருக்கு சார் நிக்கறீங்க?" என்றார். சொன்னேன்.

"மொபெட் அக்காவா? பாலம் வேலை நடந்தப்பவே போய்ட்டாங்களே. இப்ப பஸ்ஸு நேரா ஹாஸ்டல் உள்ள போய்தான் நிக்குது. இங்க இறங்கறதுக்கு ஆளே இல்ல, யாருக்கு சோறு விப்பாங்க?"

எங்கே போனார் என்று அவருக்குத் தெரியவில்லை. தனசேகருக்குப் போன் போட்டுப் பார்த்தேன். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்றது.

முத்துலட்சுமி வாளியைக் கையில் எடுத்தாள். அவள் சாமானைக் கையில் எடுத்தால் ராத்திரி பஸ்ஸுக்கு முடிவெடுத்துவிட்டாள் என்று அர்த்தம்.

பவித்ராதான் வாளியை அவள் கையிலிருந்து வாங்கினாள். "அம்மா, அந்தக்கா இருந்திருந்தாலும் எனக்கு இந்த இடம் ஆகாதும்மா. என் பஸ் ஹாஸ்டல் வாசல்லதான் இறக்கிவிடும். அங்கேயிருந்து நடந்து போற தூரத்துல தேடணும். வாங்க, பாத்துட்டு அப்புறமா சண்டை போடலாம்."

ஷேர் ஆட்டோவில் போனோம். விடுதிக்கு முந்தின சந்தில் இரண்டு பிரியாணிக் கடை. ஒன்றில் அண்டா காலி, இன்னொன்றில் ஆண்கள் கூட்டம் வாசல்வரை. அப்புறம் தகரக் கூரை போட்ட ஒரு மெஸ். பலகையில் எழுத்து தமிழும் இல்லை, இந்தியும் இல்லை. வட்டம் வட்டமாக இருந்தது. உள்ளே கடுகெண்ணெய் வாசம். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு ஒடியாப் பெண். சாபித்ரி என்று பெயர் சொன்னாள். ஓரத்தில் கம்பெனிச் சட்டையோடு நாலைந்து பெண்பிள்ளைகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

நான் கேட்க ஆரம்பித்தேன். தண்ணீர் காய்ச்சியதா, எண்ணெய் என்ன எண்ணெய், காரம் எவ்வளவு, ஞாயிற்றுக்கிழமை உண்டா, திருவிழாவுக்கு ஊருக்குப் போனால் கடை யார் பார்ப்பார்கள்.

அவள் குழந்தையை இடுப்பு மாற்றினாள். "இன்னா சார், எவ்ளோ கேள்வி! பொண்ணு சோறு சாப்பிட வருது. கல்யாணமா பண்ணுது?"

ஓரத்தில் இருந்த பிள்ளைகள் சிரித்தார்கள். முத்துலட்சுமியும் சிரித்துவிட்டாள். அன்றைக்கு முதல் தடவையாக.

பவித்ரா மட்டும் ஒரே கேள்வி கேட்டாள். "அக்கா, எனக்கு மூணு மணிக்குத்தான் ஷிஃப்ட் விடும். அதுக்கு மேல வந்தா இருக்குமா?"

"மூணு மணி வா, நாலு மணி வா" என்றாள் சாபித்ரி. "சோறு கீது."

நான் சட்டென்று சுவரில் இருந்த காலண்டரைப் படிக்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன். அதிலும் அந்த வட்ட எழுத்துதான். ஒன்றும் படிக்க முடியவில்லை.

மூன்று பேரும் அங்கேயே சாப்பிட்டோம். சோறு, பூசணியும் வாழைக்காயும் போட்ட பருப்பு, முட்டைக் குழம்பு. முத்துலட்சுமி முதலில் விரல் நுனியால் தொட்டாள். அப்புறம் பருப்பு இன்னொரு கரண்டி கேட்டாள். "உப்பு ஒரு கல்லு குறைச்சல்" என்றாள். ராத்திரி பஸ்ஸைப் பற்றி அதற்குமேல் பேச்சில்லை. பஸ்ஸில் நாங்கள் இரண்டு பேர்தான் திரும்பினோம்.

கூட்ரோட்டில் இப்போது சீயக்காய் டப்பா இல்லை, மொபெட் இல்லை, தட்டோடு நிற்கிற கும்பல் இல்லை, நின்று இறக்கிவிடுகிற பஸ்ஸும் இல்லை. "எந்த ஷிஃப்ட்டு?" என்று கேட்டுவிட்டுக் கரண்டியை எடுக்கிற கை இல்லை. சாபித்ரி அப்படிக் கேட்பதில்லை, எல்லாருக்கும் ஒரே அளவுதான். பவித்ரா இரண்டாவது ஷிஃப்ட்டுக்குப் போகும் வாரங்களில் நானே போன் போட்டு, ஒரு கரண்டி குறைத்துச் சாப்பிடச் சொல்லிவிடுவேன்.

அன்றைக்குச் சாப்பிட்டு எழுந்ததும் சாபித்ரி கணக்குச் சொன்னாள்: மாதத்துக்கு மதியச் சாப்பாடு ஆயிரத்தெண்ணூறு, முன்பணம். சட்டைப் பையில் முழுதாக இருந்தது. நான் ஆயிரம் மட்டும் கொடுத்தேன். "மிச்சத்தையும் குடுத்துருங்களேன், எதுக்குக் கடன்?" என்றாள் முத்துலட்சுமி. வெளியே வந்த பிறகுதான் அவளிடம் சொன்னேன்: பாக்கி வைத்த வீட்டுப் பிள்ளை ஒருநாள் சாப்பிட வராவிட்டால், ஏன் வரவில்லை என்று கடைக்காரி கட்டாயம் தேடுவாள். அடுத்த மாதம் நானே நேரில் வந்து கொடுப்பேன், பிள்ளை இளைத்திருக்கிறதா என்று பார்த்த மாதிரியும் இருக்கும். அதுவரைக்கும் சாபித்ரி மெஸ்ஸுக்கு நான் தர வேண்டியது எண்ணூறு ரூபாய்.