மணக்காத பூட்ஸ்

பாண்டித்துரை இடது கால் பூட்ஸுக்குள் மூக்கை விட்டு ஆழமாக ஒரு மூச்சு இழுத்தார். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு வலது கால். பூட்ஸ் புதிது, அட்டைப் பெட்டியிலிருந்து அப்போதுதான் வெளியே வந்திருந்தது. வளைகுடா நாட்டுப் புஜைராவில் லீவு நாள் சாயங்காலம், கடையில் நல்ல கூட்டம். பால் பவுடர் டின்னைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள் தன் குழந்தையை இரண்டடி பின்னால் இழுத்துக்கொண்டார்.

"பசை நாத்தம் அடிக்குது பாய். வேற காட்டுங்க."

"புது பூட்ஸுல பசை வாசம் அடிக்காம மல்லியப்பூ வாசமா தம்பி அடிக்கும்?" என்றார் கௌஸ் முகம்மது. கீழக்கரைக்காரர். இருபது வருடமாக அங்கே கடை வைத்திருக்கிறார். போட்டுப் பார்த்து வாங்குகிறவர்கள், வளைத்துப் பார்த்து வாங்குகிறவர்கள், விலையை மட்டும் பார்த்துவிட்டு டீ குடிக்கப் போகிறவர்கள் என்று எல்லாரையும் கண்டவர். முகர்ந்து பார்த்து வாங்குகிறவர் இவர் ஒருவர்தான். போன வாரம் ஒரு தொப்பி, ஒரு தோள்பை, ஒரு மடக்கு நாற்காலி எல்லாம் பாண்டித்துரையின் மூக்கு வரைக்கும் போய்விட்டுத் திரும்ப அலமாரிக்கு வந்துவிட்டன.

"யாருக்குத் தம்பி இது?"

"எங்கய்யாவுக்கு. வேட்டைக்குப் போறவரு. கொண்டு போற சாமான் எதுவும் மணக்கப்பிடாது."

"மணந்தா?"

"முயல் ஓடிரும் பாய்."

கௌஸ் முகம்மது அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார்.

பாண்டித்துரைக்கு நாற்பத்திரண்டு வயது. காளையார்கோவில் பக்கத்துக் கிராமம். ஆள் ஒல்லி, மூக்கு மட்டும் தடித்த ஆளுக்கு வைக்க வேண்டியது. அந்த மூக்கில் அவருக்கு ஏகப்பட்ட பெருமை. தொழிலாளர் கேம்ப் மெஸ்ஸில் சாம்பார் அடிப்பிடித்தால் மூன்றாவது மாடியிலிருந்து குரல் கொடுப்பார். துறைமுகத்தை ஒட்டிய எண்ணெய்த் தொட்டிகளில் அவருக்கு வேலை. காலியான தொட்டியைக் கழுவ ஆட்கள் உள்ளே இறங்கும்போது, அதன் வாசலில் நின்று, உள்ளே போன அத்தனை பேரும் வெளியே வரும் வரை கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பேசக் கூடாது, நகரக் கூடாது, போனைத் தொடக் கூடாது. பதினொரு வருடமாக இதுதான் டூட்டி. "கேஸ் மீட்டர் சொல்றதுக்கு முன்னாடி என் மூக்கு சொல்லிரும் சார்" என்று ஒருமுறை சேஃப்டி ஆபீசரிடம் சொல்லி, "அந்த கேஸ் மொதல்ல மூக்கைத்தான்யா சாகடிக்கும், ஒழுங்கா மீட்டரைப் பாரு" என்று நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

இப்படி அசையாமல் நிற்பதற்கென்றே சம்பளம் வாங்கும் மனிதரை, அசையாமல் நிற்கத் தெரியாது என்று அவருடைய அப்பா முப்பது வருடத்துக்கு முன்பே வேட்டையிலிருந்து தள்ளிவைத்துவிட்டார். அங்கேதான் சங்கதி.

அப்பா கார்மேகத்துக்கு எழுபது தாண்டிவிட்டது. மாசி, பங்குனியில் கண்மாய் வற்றியதும் விடியற்காலையில் இரண்டு நாய்கள், ஒரு வலை, ஒரு கம்பு சகிதம் கிளம்பிவிடுவார். வனத்துறை ஆள் எதிர்ப்பட்டால் எலி பிடிக்கப் போகிறார். ஊர்க்காரர் எதிர்ப்பட்டால் முயல் பிடிக்கப் போகிறார். பாதி நாள் திரும்பி வரும்போது கையில் இரண்டுமே இருக்காது. ஆனால் கதை இருக்கும். பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று சாதிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறோம். கார்மேகம் பிடிக்காத முயலுக்கே மூன்று கால் என்பார். நாய்களில் பெரியதன் பெயர் ஷார்ஜா. பாண்டித்துரை முதன்முதலில் ஷார்ஜாவில் வேலைக்குச் சேர்ந்து அனுப்பிய பணத்தில் வாங்கிய குட்டி ஒன்றுக்கு அந்தப் பெயர் வைத்தார். அது செத்து, அதன் மகனும் செத்து, இப்போது இருப்பது மூன்றாம் ஷார்ஜா.

பாண்டித்துரை பன்னிரண்டு வயதில் ஒரே ஒருநாள் அப்பாவோடு வேட்டைக்குப் போனார். வலை விரித்தாகிவிட்டது. ஒரு முனையில் அப்பா, மறு முனையில் மகன். கருவேலம் புதருக்குள் இருந்து முயல் தலையை நீட்டியது. இன்னும் நான்கு எட்டு வைத்தால் வலை. அந்த நேரம் பார்த்து பாண்டித்துரை ஒரு தும்மல் போட்டார். சாதாரணத் தும்மல் இல்லை. கண்மாய்க் கரையில் மேய்ந்த மாடுகள் தலையைத் தூக்கிப் பார்த்தன. முயல் எந்தத் திசையில் போனது என்று நாய்களுக்கே தெரியவில்லை. அப்பா அடிக்கவில்லை, வையவில்லை. வலையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, "நீ படிக்கப் போ" என்றார். அடித்திருந்தால் அன்றோடு ஆறியிருக்கும்.

படிப்பும் ஒன்றும் பெரிதாக வரவில்லை. வளைகுடாவுக்கு வந்தார். ஒவ்வொரு லீவுக்கும் அப்பாவுக்கு ஒரு வேட்டைச் சாமான் கொண்டு போக ஆரம்பித்தார். சாமானை நீட்டும்போது "நீயும் வாடா" என்று ஒரு சொல் வரும் என்ற நப்பாசை. கார்மேகம் வாங்கிப் பார்ப்பார், "எதுக்குடா இதெல்லாம்" என்பார், மறுநாள் நாய்களோடு தனியே போய்விடுவார்.

முதலில் கொண்டுபோனது ஊரையே பகலாக்கும் டார்ச் லைட். விடிந்த பிறகு வேட்டையாடுகிறவருக்கு அது எதற்கு என்று வாங்கும்போது தோன்றவில்லை. இப்போது கரண்ட் போனால் மாவாட்ட உதவுகிறது. அடுத்து பைனாகுலர். அதை மாட்டிக்கொண்டு பார்த்த கார்மேகம், முயல் கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருக்கிறதென்று காலை எடுத்து வைத்து வாய்க்காலில் விழுந்தார். அப்புறம் ஒரு லீவில் ராஜாளி பழக்குகிறவர்கள் போடும் தோல் கையுறை. கையுறைக் கடையில் சாமான் வாங்க வந்திருந்த மக்தூம் என்ற அரபுப் பெரியவர், தமிழ் ஆள் ஒருவர் அதை வாங்குவதைப் பார்த்து மகிழ்ந்துபோய், உன் தகப்பனாரிடம் என்ன பறவை இருக்கிறது என்று ஹிந்தியில் விசாரித்தார். பாண்டித்துரை பொய் சொல்லத் தெரியாமல், வீட்டுக் கோழியை நினைத்து "முர்கி" என்றார். பெரியவர் அடுத்த அலமாரிப் பக்கம் நகர்ந்துவிட்டார். கையுறை இப்போது உமாராணிக்கு உலைப் பானை இறக்கப் பயன்படுகிறது. உமாராணி பாண்டித்துரையின் மனைவி.

போன லீவில் கொண்டுபோனதுதான் இருப்பதிலேயே ஒசத்தி. மண் நிறமும் புல் நிறமும் திட்டுத் திட்டாகக் கலந்த வேட்டைச் சட்டை. போட்டுக்கொண்டு புதருக்குள் உட்கார்ந்தால் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது. அது தப்பாது என்றுதான் இரண்டு வருடமாக நம்பிக்கொண்டிருந்தார்.

போன மாதம் வீடியோ காலில் உமாராணி பேசிக்கொண்டே ஆடுகளுக்குத் தழை போடப் போனார். பின்னால் கொட்டகை விட்டத்தில் அந்தச் சட்டை தொங்கியது.

"ஏய், அது ஏன் ஆட்டுக் கொட்டாய்ல கெடக்கு?"

உமாராணி கேமராவைச் சட்டென்று வேறு பக்கம் திருப்பினார். திரையில் ஒரு கிடாய் வந்து நின்றது.

"சொல்லு புள்ள."

"வாசம் போகட்டும்னு மாமாதான் போட்டு வச்சிருக்காக."

"என்ன வாசம்?"

"உங்களுக்குத் தெரியாதாக்கும்! நீங்க கொண்டாற பெட்டியத் தொறந்தா தெருவே மணக்கும்ல. செண்டு, சோப்பு, கோடாலித் தைலம் எல்லாம் ஒன்னாக் கலந்து ஒரு வாசம். அதப் போட்டுக்கிட்டு மாமா மொத நாளு போனாக. ஷார்ஜாவே ஆளு தெரியாம அவுகளப் பாத்து கொலச்சிருச்சு. முயலு பக்கத்து ஊரு எல்லையத் தாண்டிருச்சாம். ரெண்டு வருசமாத் தொங்குது, இன்னும் போகல."

பாண்டித்துரை அன்று சாப்பிடவில்லை. கழுதைக்குத்தான் கற்பூர வாசனை தெரியாது. முயலுக்குத் தெரியும் என்று அவருக்கு ஏன் உறைக்கவில்லை? மூன்றாவது மாடியிலிருந்து சாம்பாரைக் கண்டுபிடிக்கிற மூக்கு, தன் பெட்டியின் நாற்றத்தை இத்தனை வருடமும் கண்டுபிடிக்கவில்லை. கேம்ப்பில் பெட்டி கட்டுகிற எல்லாரும் செய்கிற வேலைதான். செண்டு பாட்டில் உடையக் கூடாதென்று கனமான துணிக்குள் வைத்துச் சுருட்டுவார்கள். இடுக்கு வீணாகக் கூடாதென்று சந்து பொந்தெல்லாம் சோப்பைத் திணிப்பார்கள். பாண்டித்துரையின் பெட்டியில் கனமான துணி என்றால் அது எப்போதும் அப்பாவின் வேட்டைச் சாமான்தான்.

அதற்குப் பிறகு ரூமில் கூட இருப்பவர்கள் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. லீவுக்கு இன்னும் பத்து நாள். பவுடர் போடக் கூடாது, ஊதுபத்தி கொளுத்தக் கூடாது, தலைவலி வந்தால் தைலத்தை வராந்தாவில் போய்த் தடவிக்கொள்ள வேண்டும் என்று சட்டம் போட்டார். பக்கத்துக் கட்டில் சேதுராமன், "சாமி படத்துக்காச்சும் ஒரு பத்தி காட்டிக்கிறேன் மாப்ள" என்று கெஞ்சினார்.

"சாமி கோவிச்சுக்காது. முயல் கோவிச்சுக்கும்."

கௌஸ் முகம்மது கடையில் கடைசியாக ஒரு ஜோடி பூட்ஸ் தேறியது. கொஞ்சம் பசை வாசம்தான், காற்றாடப் போட்டால் போய்விடும் என்று கேம்ப் மாடிக் கைப்பிடியில் தொங்கவிட்டுவிட்டு டூட்டிக்குப் போனார். சாயங்காலம் வந்து முகர்ந்தார். பசை வாசம் சுத்தமாகப் போயிருந்தது. பக்கத்து ரூம் வங்காளிகள் அதே கைப்பிடியில் கருவாடு காயப் போட்டிருந்தார்கள்.

"இதைப் போட்டுக்கிட்டுப் போனா முயல் வராது" என்றார் சேதுராமன். "ஆனா ஊருல உள்ள அத்தனை பூனையும் வந்துரும்."

அவரைத் தவிர வேறு யாரும் சிரித்தார்களா என்று பாண்டித்துரை பார்க்கவில்லை. பூட்ஸைக் கட்டிலில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போன் போட்டார். அப்பாவிடமே கேட்டுவிடுவது என்ற முடிவுக்கு வந்திருந்தார். வீடியோவில் கார்மேகம் எப்போதும் முழுதாகத் தெரிவதில்லை. அன்றைக்கு வலது காதும், கொஞ்சம் ஓட்டுக் கூரையும் தெரிந்தன.

"அய்யா, நான் கொண்டாந்த சட்டை மணக்குதாமே. ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்ல?"

"ஆசையாக் கொண்டாந்த. அதப் போயி எப்புடிச் சொல்றது?" என்றது காது.

"இந்த வாட்டி என்ன வேணும்னு நீங்களே சொல்லுங்க. மணக்காததாப் பாத்து வாங்கியாறேன்."

"ஒன்னும் வேணாம்ப்பா. நல்லபடியா வந்து சேரு."

"அப்புடிச் சொல்லாதீக. ஏதாச்சும் சொல்லுங்க."

காது கொஞ்ச நேரம் யோசித்தது. "பெட்டியச் சுத்திக் கட்டி வருவியே, நீல நைலான் கயிறு. அது இந்த வாட்டி கூடக் கொஞ்சம் சுத்திக் கொண்டா."

"கயிறா?"

"நீ கொண்டாந்ததுல உருப்படி அதுதான்டா. ஷார்ஜாவக் கட்டிருக்கது அந்தக் கயிறு. வலைக்கு ஓரம் கட்டிருக்கதும் அதான். பெட்டிக்குள்ள இருந்து வர்றதெல்லாம் மணக்குது. வெளிய சுத்தி வர்ற அது ஒன்னுதான் மணக்க மாட்டேங்குது."

பாண்டித்துரை தோள் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கருவாட்டு வாசம் என்று சேதுராமனிடம் பிற்பாடு சமாளித்தார்.

"பெருசா ஒரு வலை போடலாம்னு இருக்கேன்" என்றார் கார்மேகம். "அதுக்குத்தான் கயிறு பத்தல."

"பெரிய வலைய நீங்க ஒத்தையில எப்புடிப் பிடிப்பீக?"

காது திரையை விட்டு நகர்ந்தது. கூரை மட்டும் தெரிந்தது. கூரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"அதான் நீ வாறேல்ல. ஒரு முனைய நீ பிடி." பிறகு கொஞ்சம் விட்டு, "தும்மாமப் பிடி."

மறுநாள் டூட்டி முடிந்த கையோடு, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் பாண்டித்துரை கடைக்கு வந்துவிட்டார். அவர் காலில் இருந்த பூட்ஸைப் பார்த்ததுமே கௌஸ் முகம்மது கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார்.

"இத வாபஸ் எடுக்க முடியாது தம்பி. கடைய மூடிட்டுப் போகச் சொல்றியா?"

"பூட்ஸு கெடக்கட்டும் பாய், டூட்டிக்கு நானே போட்டுக்கிறேன். நைலான் கயிறு குடுங்க. நீலக் கலரு."

"எத்தனை மீட்டர்?"

"ரெண்டு ஆளு பிடிச்சா முயல் தாண்டாத அளவுக்கு."

கௌஸ் முகம்மது அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கடையின் பின்கட்டுக்குப் போய், மேல் தட்டில் வெகுநாளாகக் கிடந்த ஒரு பெரிய கயிற்றுச் சுருளை உருட்டிக்கொண்டு வந்து போட்டார். புழுதி பறந்தது. பாண்டித்துரை ஒரு முனையைப் பிரித்து உள்ளங்கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு, பழக்க தோஷத்தில் சுருளுக்குள் மூக்கை விட்டு நன்றாக ஒரு மூச்சு இழுத்தார்.

முகம் சுருங்கியது. கண்ணில் நீர் கோத்தது. வாய் மெல்லத் திறந்து, தலை பின்னால் சாய்ந்து, நெஞ்சு ஒரு சாண் மேலே எழும்பியது. கௌஸ் முகம்மது கல்லாவில் இருந்த டீ கிளாஸை அவசரமாகக் கையால் மூடினார்.

பாண்டித்துரை இடது கையால் மூக்கை இறுகப் பிடித்தார். காது வரை சிவந்துபோய், வலது கையில் கயிற்று முனையை விடாமல், கடை நடுவே ஆடாமல் அசையாமல் நின்றார்.