வழக்கு எண் கேட்டவள்

வடக்கனந்தல் தைலம்மாள் ஒரு ஜவ்வரிசி ஆலையில் பதினோரு வருடம் மரவள்ளிக் கிழங்கு உரித்தவள். சங்கத்தில் சேர்ந்ததற்காக ஆலை அவளை வெளியே நிறுத்தியது. தொழிலாளர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டுத் தந்த வக்கீல் நான்கு வருடம் கழித்து இறந்துபோனார். அவர் வீட்டார் வழக்குக் கட்டுகளையெல்லாம் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டார்கள்.

வழக்கு எண்கூட அவளுக்குத் தெரியாது. அதைக் கேட்டு, மகள் தேவதர்ஷினி அம்மா பெயரில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் நீதிமன்றத்துக்கு மனு எழுதி அனுப்பினாள்.

இருபத்தெட்டாம் நாள் பதில் வந்தது. வழக்கு விவரங்களை அந்தச் சட்டத்தின்கீழ் தர இயலாது, வழக்கு எண்ணைக் குறிப்பிட்டு நகல் பிரிவில் விண்ணப்பிக்கவும் என்றது.

தைலம்மாள் உளுந்தூர்பேட்டையில் பஸ் மாறி நீதிமன்றத்துக்கு நேரில் போனாள். நகல் பிரிவுப் பெண் மரியாதையாகத்தான் பேசினார்.

"நம்பர் இல்லாம மனு வாங்க முடியாதும்மா."

"அந்த நம்பரத்தாங்க நான் கேட்டுக்கினு இருக்கேன்."

"புரியுதும்மா. நான் இன்னா பண்ண முடியும், சொல்லுங்க?"

தகவல் மனுவுக்கு வந்த பதிலை எதிர்த்து மேல்முறையீடும் செய்தார்கள். முதலில் தந்த பதில் சரியே என்று ஒரு தாள் வந்தது. மகள் அதை இரண்டு முறை படித்துக் காட்டினாள்.

"என் பேர எங்கியாவது போட்டுக்கீறாங்களா?" என்று தைலம்மாள் கேட்டாள்.

முகவரியில் மட்டும்தான் இருந்தது.