கிஸ்ஸிங் பக் பிடித்த வீடு

1. அழைப்பு

இருபத்திரண்டு வருடமாக ரொறொன்ரோவில் பூச்சி மருந்து அடிக்கிறேன். கூப்பிடுகிற நம்மவர் எவரும் தம் வீட்டில் பூச்சி இருக்கிறது என்று சொன்னதில்லை. பூச்சி "வந்திட்டுது" என்பார்கள், விசா எடுத்து வந்தது போல.

நகரின் மில்லிக்கன் பகுதியில் சிவநாதன் ஒருபடி மேலே போனார். வாசலில் என் வேலை வானை நிறுத்துமுன்பே ஓடிவந்தார்.

"அண்ணை, கொம்பனிப் பேர் எழுதின வானை அங்கால விடுங்கோ. சனம் பாக்கும்."

உள்ளே போனதும் ஸிப்லொக் பையொன்றை நீட்டினார். கறுப்புப் பூச்சி, பெருவிரல் நக நீளம்.

"உது கிஸ்ஸிங் பக். வட்சப்பில படம் வந்தது. கடிச்சா இருதயம் வீங்குமாம். பேஸ்மென்டில வாடகைக்கு இருக்கிற சுபாதான் பழைய மெத்தையோட கொண்டு வந்தவ. சனிக்கிழமைக்குள்ள வீட்டை விட்டு எழும்பச் சொல்லிப்போட்டன்."

"உங்களைக் கடிக்குதோ?"

அவர் மனைவி ரஞ்சி சட்டைக் கையை இழுத்து மூடினார். "அது அலர்ஜி."

அன்று வியாழன். கீழே சுபா குப்பைப் பைகளில் உடுப்பைக் கட்டிக்கொண்டிருந்தாள். மட்டக்களப்பிலிருந்து வந்து ஆறு மாதம். போக வேறு இடமில்லை என்றாள்.

2. பூச்சி

உண்மையான கிஸ்ஸிங் பக் லத்தீன் அமெரிக்க நாடுகளில் வெடித்த மண்சுவரிலும் ஓலைக் கூரையிலும் ஒளிந்திருந்து, தூங்குகிறவரின் ரத்தத்தைக் குடிக்கும். இருதயத்தைக் கெடுக்கும் சாகாஸ் நோயின் கிருமி அதன் எச்சத்தில் இருக்கிறது. நம்முடைய குளிரில் அது குடித்தனம் நடத்துவதில்லை. பையில் இருந்தது அதன் ஒன்றுவிட்ட சகோதரம், மற்றப் பூச்சிகளை வேட்டையாடும் மாஸ்க்ட் ஹன்ரர். அதற்குப் பிடித்த சாப்பாடு மூட்டைப்பூச்சி. சாப்பாடு இல்லாத வீட்டில் அது தங்காது.

"எங்க பிடிச்சனீங்கள்?"

"எங்கட பெட்ரூமில. கீழ இருந்துதான் ஏறியிருக்கும்."

கீழே மெத்தைத் தையல், கட்டில் மூட்டு, சுவரோரம் எல்லாம் டோர்ச் அடித்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை.

மேலே கட்டிலுக்கடியில் இரண்டு சூட்கேஸ். அடுத்த முறை ஊருக்குக் கொண்டுபோகவென்று சோப், துவாய், சொக்லேற் பாதிக்கு நிரப்பியிருந்தார்கள். அதற்கு முன் லண்டன் போன சிவநாதனின் மச்சானும் கலியாணத்துக்குப் போன தங்கச்சியும் அவற்றை இரவல் வாங்கித் திருப்பித் தந்ததாக ரஞ்சி சொன்னார். ஸிப்பைத் திறந்தேன். தையலோரம் முழுக்க மூட்டைப்பூச்சி, முட்டையோடு. குடும்பமாக விமானத்தில் வந்திறங்கியிருக்கின்றன.

3. ரிப்போர்ட்

சிவநாதன் குரலைத் தாழ்த்தினார். "அண்ணை, ரிப்போர்ட்டில பேஸ்மென்ட் எண்டு எழுதிவிடுங்கோ. எங்களுக்கும் ஒரு மரியாதை இருக்கல்லோ."

என் முதல் வருடத்தில் ஒருவருக்கு அப்படி எழுதிக் கொடுத்தேன். அந்த வாடகைக்காரர் பிறகு எங்கே போனார் என்று எனக்குத் தெரியாது. அது இன்னும் மனதை அறுக்கிறது. "மேல்மாடி பெட்ரூம், சூட்கேஸ்" என்று எழுதி, ஒரு பிரதியைச் சுபாவிடமும் கொடுத்தேன். சுபா வீட்டை விட்டு எழும்புகிற கதையைச் சிவநாதன் அதன்பின் எடுக்கவில்லை.

மருந்து அடித்தால் ஆறு மணித்தியாலம் மேலே நிற்கக் கூடாது. சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால் ஏன் என்று கேட்பார்கள். புருசனும் பெண்சாதியும் படியில் முழித்துக்கொண்டு நின்றார்கள். கட்டிய பையை அவிழ்த்தபடி சுபா சொன்னாள்:

"உடுப்ப மாத்திட்டுக் கீழ வந்து இருங்க அங்கிள். சூட்கேஸ மட்டும் கொண்டு வராதீங்க."

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். வீட்டுக்காரர் விரல் நீட்டுகிற இடத்தைக் கட்டாயம் பாருங்கள். பிறகு விரல் நீட்டியவரின் கட்டிலுக்கடியில் பாருங்கள்.